ஒரு தாலந்து நாய்

நாடகக் குழுவில் மேடைச் சாமான் செய்பவருக்கு ‘எடைமேடை’ என்று பட்டப்பெயர். கல்யாணத்துக்கு முன் லாரிகளை எடை போடும் இடத்தில் வேலை பார்த்தவர். எதைப் பார்த்தாலும் கை தானாக நிறுத்துப் பார்க்கும். வீட்டில் தலையணையைக்கூட விட்டுவைத்ததில்லை.

குழுவை நடத்துவது அவருடைய நாத்தனார். அந்த வருடம் ஒரு பழைய கிரேக்கக் கதையை நாடகமாக்கினார். அதில் வேலைக்காரன் ஐந்து தாலந்து வெள்ளியைத் தோளில் போட்டுக்கொண்டு துள்ளி ஓடி வருவான். எடைமேடை பையில் பஞ்சை அடைத்துக் கொடுத்தார். ஒத்திகையில் அது காற்றில் பறந்தது. அவருக்கு மனசு கேட்கவில்லை. புத்தகங்களைப் புரட்டிக் கணக்குப் போட்டார்.

“அண்ணி, என்ன முணுமுணுக்கறீங்க?”

“நூறு திராக்மா ஒரு மினா. ஏதென்ஸ் கணக்குல மினா அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. அறுபது மினா ஒரு தாலந்து. அப்படின்னா ஒரு தாலந்தே இருபத்தாறு கிலோ. இவன் நூத்தி முப்பது கிலோவைத் தூக்கிட்டுத் துள்ளறானா?”

நாத்தனார் வாய்விட்டுச் சிரித்தார். “சரி, ஒரு தாலந்துன்னு மாத்திடறேன். ஆனா அதுக்காக மணல் மூட்டை வேணாம், மேடைப் பலகை உடைஞ்சிடும்.”

வேலைக்காரனாக நடித்தவர் ‘ஒல்லி’. பஞ்சை வைத்துக்கொண்டு பாரத்தை எப்படிக் காட்டுவது என்று முழித்தார். எடைமேடையின் கண் அரங்கத்துக் காவல்காரருடைய நாய் மேல் விழுந்தது. எந்நேரமும் படுத்தபடி எல்லோரையும் மேற்பார்வை பார்ப்பதால் அதற்கு ‘மேனேஜர்’ என்று பெயர். தராசில் ஏற்றினால் இருபத்தாறு கிலோ, அச்சு அசலாக!

அன்றிலிருந்து ஒல்லி தினமும் மேனேஜரைத் தோளில் சுமந்து மேடையைச் சுற்றினார். முழங்கால் மடிந்தது, முதுகு வளைந்தது, மூச்சு வாங்கியது. மேனேஜருக்கோ ராஜ சவாரி.

அரங்கேற்றத்தன்று ஒல்லி பஞ்சுப் பையோடு தள்ளாடி வந்தபோது முன்வரிசையில் ஒருவர் “ஐயோ பாவம்!” என்றே சொல்லிவிட்டார். எடைமேடைக்கு உச்சி குளிர்ந்தது. அதற்குள் மேனேஜர் மேடையேறிவிட்டது. தன் இடத்தில் வேறெதுவோ சவாரி போவதைப் பார்த்தால் அதற்குப் பொறுக்குமா? ஒல்லியின் காலைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தது.

 ஒல்லி பையைக் கீழே வைத்துவிட்டு நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். “எசமான்! இன்னொரு தாலந்து தானாவே நடந்து வந்துடுச்சு!”

அரங்கம் அதிர்ந்தது. திரைக்குப் பின்னால் தலையில் கைவைத்திருந்த நாத்தனாரும் சிரிப்பை அடக்கமுடியாமல் அண்ணியின் தோளில் சாய்ந்தார்.

“அண்ணி, நாளைக்கும் இப்படியே வச்சுக்கலாம்!”

ஆசைதான். மறுநாள் மேனேஜர் அசைந்தால்தானே! கூப்பிடக் கூப்பிடக் கால்நீட்டித் தூங்கியது. ஒல்லி தனியாகத்தான் தள்ளாடினார். அன்றும் நல்ல கைதட்டல்.