டம்மி தலைக்கு எண்ணெய் வைக்கணும்

கிரிக்கெட் ஹெல்மெட் டிசைன் பண்றதுதான் என் வேலை. புது மாடலை இன்னைக்கு ஜவ்வாது மலைக்கு எடுத்துட்டுப் போனேன். அங்க ஒரு ஸ்கூல் பொண்ணுங்க டீம், அதை மாட்டிக்கிட்டு ஆடிப் பார்க்க ஒத்துக்கிட்டாங்க.

காத்து போக ஓட்டை, தலை அளவுக்கு மாத்தி உள்ள ஒட்டிக்கிற பஞ்சு பேட், பின்னாடி இறுக்குற திருகு. எல்லாத்தையும் பெருமையா விளக்கினேன்.

கேப்டன் மல்லிகா வெயில்ல ஒரு மணி நேரம் ஆடினா. அப்புறம் ஒரு பாலுக்குத் திரும்பினப்போ ஹெல்மெட் வழுக்கிக் கண்ணை மறைச்சிடுச்சு. பால் தோள்ல பட்டுது. நல்லவேளை, தோள்தான்.

"திருகை டைட் பண்ணலையாம்மா?"

"பண்ணேன் மேடம். கையை உள்ள வுட்டுப் பாருங்க."

பஞ்சு பேட் ஒட்டியிருந்த பசை எண்ணெயில ஊறி இளகிக் கிடந்துச்சு.

"இன்னாம்மா, தலையில இவ்ளோ எண்ணெய்?"

"தெனம் வெக்கறதுதான் மேடம். வெக்காம வந்தா பி.டி. டீச்சரே திட்டுவாங்க. நீங்க வெக்கறதில்லையா?"

வைக்கிறேனே! இன்னைக்குக் காலையிலயும் வச்சிட்டுத்தான் கிளம்பினேன்.

லேப்ல ஆறு மாசம் டெஸ்ட் பண்ணோம். மழை, வெயில், வேர்வைக்கு உப்புத்தண்ணி, எல்லாம் ஊத்தியாச்சு. எண்ணெய் மட்டும் யாருக்கும் தோணலை. டெஸ்ட் பண்ற டம்மி தலை மொட்டை.

திங்கட்கிழமை தயாரிப்புக்குப் போறதை நிறுத்தச் சொல்லி மேனேஜருக்கு போன் போட்டேன். காரணம் கேட்டார்.

"டம்மி தலைக்கு எண்ணெய் வைக்கணும் சார்."

"எந்த எண்ணெய்?"னு கேட்டார்.

உங்க வீட்டுல தலைக்கு எந்த எண்ணெய்? கமெண்ட்ல சொல்லுங்க. நெஜமாவே டெஸ்ட்டுக்குத்தான் கேக்குறேன்.