என் பேரிக்காய்க்கு வந்த பழி

என் கையால் சோறு போட்டு வளர்த்த கொழுந்தன் கோவிந்தன், சுகாதார ஆபீசர் முன்னால் என்னைக் கை காட்டினான். மலைச்சாமி சேர்வராயனை நம்பும் என் ஜனங்களே, அந்த வலியிலிருந்துதான் இதைச் சொல்லத் தொடங்க வேண்டியிருக்கிறது.

எழுபதுகளில், உலகத்தையே சுற்றிவந்த காலரா எங்கள் மலையையும் விடாத வருஷம். ஆடி மாதம். செம்மநத்தத்தில் எங்கள் மரங்களில் பேரிக்காய் கிளை தாழக் காய்த்திருந்தது. அந்த விளைச்சலை நம்பித்தான் எங்கள் வருஷச் சாப்பாடே. நான் பறித்துக் கொடுப்பேன். கோவிந்தனும் அவன் பெண்டாட்டி செல்வியும் பஸ்ஸில் ஏற்றிப்போய் ஏற்காடு கடைவீதியில் விற்பார்கள். அந்த முறை பழத்தை வாங்கித் தின்றவர்கள் சிலர் வாந்திபேதியில் விழுந்தார்கள். ஆபீசர் எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். பழத்தை எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள் என்று கேட்டார்.

"அண்ணிதானுங்க கழுவுனாங்க. எங்கூரு ஊத்துலதானுங்க," என்றான் கோவிந்தன்.

அந்த ஊற்று சேர்வராயனுக்கு உரியது. குடத்தில் மொண்டு வருவோமே தவிர, அதில் காலைக்கூட நனைக்க மாட்டோம். பழத்தை நாங்கள் கழுவுவதே கிடையாது, துணியால் துடைத்துக் கூடையில் அடுக்குவோம். இதெல்லாம் தெரிந்த ஊர்தான் அவனை நம்பியது. நான் ஊற்றைத் தீட்டாக்கியதால்தான் சாமி கோபித்துக் காலராவை அனுப்பியது என்றார்கள். இனி ஊற்றுப் பக்கம் வராதே என்றார்கள். கடைவீதியில் எங்கள் ஊர்ப் பழத்தை யாரும் தொடவில்லை.

"எந்தம்பி பொய் சொல்லுவானா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஊர் பேசியதைத் தாங்கிக்கொண்டேன். இதை என்னால் தாங்க முடியவில்லை.

பழம் மரத்தடியில் விழுந்து அழுகியது. "சாமி, நான் யாருக்கும் கெட்டதக் குடுக்கல. உனக்குத் தெரியுமே, ஒரு வார்த்த சொல்லேன்," என்று தோட்டத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

எங்கள் பக்கம் வழக்கு தீராவிட்டால் சேர்வராயனின் குகைக்கோயிலில் கற்பூரம் ஏற்றி, அதைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். பொய்ச் சத்தியம் பிள்ளைகளைப் பிடிக்கும் என்று எல்லோருக்கும் பயம். அந்தச் சத்தியத்தைக் கேட்டேன். கற்பூரத்தைப் பார்த்ததும் கோவிந்தன் உண்மையைக் கக்கிவிடுவான் என்று நம்பியிருந்தேன். அந்தப் பாவி சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு முன்னால் வந்து கையை ஓங்கினான். சாமியும் என்னைக் கைவிட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்போது செல்வி பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள். எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தையே இல்லாத காலம் அது.

"வேண்டாமுங்க, எம்புள்ளைங்களுக்கு ஆகாதுங்க! பளபளன்னு இருந்தா நல்லா விக்கும்னு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால சாக்கடை கலக்கற ஓடையிலதானுங்களே முக்கி எடுத்தீங்க? நாந்தானே கூடையப் புடிச்சேன்!"

கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது. கோவிந்தன் சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

செல்வியே ஆபீசரிடம் போய் ஓடையைக் காட்டினாள். ஊற்றில் குற்றமில்லை என்று அவர் சொன்ன பிறகு, கடைக்காரர்கள் ஜீப்பில் எங்கள் தோட்டத்துக்கே வந்து பழம் எடுத்தார்கள். மரத்தில் மிச்சம் இருந்தது பாதிதான். அதுவே எங்களைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து நானும் செல்வியும்தான் விற்கப் போகிறோம். காய்ச்சி ஆறிய தண்ணீரில் கழுவித்தான் பழத்தைக் கையில் கொடுப்போம். ஒவ்வொரு ஆடியிலும் முதல் கூடையை இருவரும் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகிறோம்.

என் வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்டார். கோவிந்தன் இன்றுவரை கேட்கவில்லை. அந்தக் காயம் ஆறிவிட்டது என்று சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்ல மாட்டேன்.

சொந்தக்காரர்களே கைவிட்டு நிற்கிறீர்களா? மலையேறி வாருங்கள், வாய்விட்டு அழுது கேளுங்கள். யாரைக்கொண்டு பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் சாமிக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நான் கடைசி வரை கோவிந்தன் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.