சனியைப் பக்கத்தால் பார்த்த கதை

தொலைக்காட்சியில் உலகமே பார்க்கிற வானியலாளர் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார். பிறந்தது அளவெட்டிப் பக்கம். பாதி வாழ்க்கையை வெளிநாட்டு மலையுச்சிகளில் தொலைகாட்டிக்குள் கழித்தவர். மிச்சப் பாதியை, அங்கே கண்டதைச் சாதாரண சனத்துக்கு விளங்கப்படுத்துவதில் செலவழித்தவர். அவரைக் கெஞ்சிக் கூப்பிட்டது வாசிகசாலைச் செயலாளரான நான். அவருடைய நிகழ்ச்சியில் சனிக்கோளின் வளையத்தைக் கண்ட நாளிலிருந்து, அதை என் சொந்தக் கண்ணால் பார்க்க ஆசை. ஊருக்காகக் கூப்பிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

பொழுதுபட்டதும் வாசிகசாலை முற்றத்தில் தொலைகாட்டியைப் பூட்டினார். சனி மேற்கே பனைகளுக்குப் பின்னால் இறங்க ஒரு மணித்தியாலம்தான் இருக்கிறது என்றார். அதில் பாதியை எங்கள் வாசிகசாலைத் தலைவர் வரவேற்புரை என்று தின்றார். விருந்தாளிக்குப் பொன்னாடை போர்த்தினார். தொலைகாட்டிக்கும் ஒரு மாலை போட்டார். அதை நான் பிடுங்கி எறிந்தேன்.

பிறகு வரிசைக்கு வரச் சொன்னோம். ஒருவரும் வரவில்லை. எல்லோரும் எழும்பி மதிலோரம் போய் நின்றார்கள். ஏனென்று கேட்டேன். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர்தான் வாய் திறந்தார்.

"கோயிலிலையே சனிக்கு நேரை நிண்டு கும்பிடுறேல்லை. பக்கத்தாலைதான். எனக்கு ஏழரை வேறை நடக்குது. உவர் என்னடாவெண்டால் சனியைக் கிட்டக் கொண்டுவந்து காட்டப்போறாராம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது வெறும் வாயுப் பந்து, அதற்கு உங்கள் பெயரும் தெரியாது நட்சத்திரமும் தெரியாது என்று கத்தினேன். கத்தக் கத்த அவர்கள் இன்னும் பின்னுக்குப் போனார்கள். தலைவருக்குத் திடீரென்று தொலைபேசி அழைப்பு வந்தது. நானே முதலில் பார்த்திருக்கலாம். ஆனால் கூப்பிட்ட வீட்டுக்காரர் முதல் பந்தியில் குந்துவது எங்கள் ஊரில் மரியாதையில்லை.

வானியலாளர் சிரித்துக்கொண்டு மனேச்சரிடம் போனார்.

"அண்ணை, குழாயின்ரை வாய் மேற்கை பாக்குது. கண் வைக்கிற ஓட்டை பக்கத்திலை. உள்ளுக்கை ஒரு கண்ணாடி வெளிச்சத்தைத் திருப்பிவிடுது. நீங்களும் பக்கத்தாலைதான் பாக்கப்போறியள்."

மனேச்சர் குழாயைச் சுற்றி வந்து தடவிப் பார்த்தார். திருப்தி. ஒரு கண்ணை மூடிக் குனிந்தார். பிறகு மெல்ல நிமிர்ந்தார்.

"இவ்வளவு வடிவா இருந்துகொண்டே எங்களை இந்தப் பாடு படுத்துறார்?"

அவ்வளவுதான். மதிலோரம் காலியானது. தலைவரின் அழைப்பும் முடிந்தது. சனம் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுபடியும் வரிசையில் வந்து நின்றது. ஏழரை நடக்கிறவர்களுக்கு ஒருமுறை போதாதாம். மனேச்சர் இடையில் பூந்தார். நான் வாய் வலிக்கக் கத்தி வரிசையைச் சரிப்படுத்தினேன்.

கடைசியில் என் முறை வந்தது. குனிந்தேன். கறுப்பாய் என்னவோ ஆடியது.

"வளையம் தெரியுதோ?" என்று வானியலாளர் ஆவலோடு கேட்டார்.

"பனையோலை தெரியுது. நல்ல கிட்டத் தெரியுது."

மனேச்சர் பாவப்பட்டு என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார். வளையம் எப்படி இருந்ததென்று, கையை வட்டமாய்ப் பிடித்து, எனக்கு ஆறுதலாக விளங்கப்படுத்தத் தொடங்கினார்.