தறிச் சத்தம்

போன கிழமை கல்முனைக் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். பயப்பட வேண்டாம் – வேலி வழக்கொன்றில் சாட்சி சொல்லத்தான். எங்கள் வழக்குக்கு முன் வேறொன்றை எடுத்தார்கள்.

கூண்டில் நின்றவர் மருதமுனைக் கைத்தறிக்காரர். பெயர் வேண்டாமே... மனைவிக்கு இது இரண்டாவது கலியாணம். முதல் கணவர் மவுத்தாகிவிட்டார். அவருக்குப் பிறந்த எட்டு வயது மகளை, வீட்டுக்கு வந்த தாய்மாமன் அடித்துக் கையை முறித்துவிட்டார். மாமன் குற்றத்தை ஒப்புக்கொண்டு மறியலுக்குப் போய்ச் சிறையில் இருக்கிறார். அப்படியானால் இவர் செய்த குற்றம் என்ன? ஒன்றும் செய்யாததுதான்.

தன் பொறுப்பில் உள்ள பிள்ளையைப் பிறர் கொடுமை செய்யும்போது பார்த்திருப்பதும் குற்றம் என்கிறது சட்டம். பெற்ற தகப்பனா, வந்த தகப்பனா என்று அது பார்ப்பதில்லை.

அவருக்காக வாதாடிய புறக்டர் எங்கள் பக்கத்து வழக்கத்தை எடுத்துச் சொன்னார். இங்கே வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளைதான் அங்கே போய்க் குடியிருக்கிறார். பெண்ணின் சகோதரனை அதட்ட அவருக்கு வாயேது? கோர்ட்டில் இருந்த ஆண்களில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

அடி விழுந்தபோது எங்கே இருந்தீர் என்று நீதவான் கேட்டார். பக்கத்து அறையில், தறியில் என்றார். பிள்ளை கத்தியது கேட்கவில்லையா?

"கேட்டிச்சி ஐயா. கேக்காம இரிக்கத்தான் தறிய இன்னும் பலமா அடிச்சன்."

நீதவான் பேனாவைக் கீழே வைத்தார். எனக்கு அந்த மனிதர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பிள்ளையை அந்த வீட்டுக்கே அனுப்புவதா, வேறெங்காவது விடுவதா – இனி அதைத்தான் முடிவு செய்ய வேண்டும். அடிக்கும்போது யாரைக் கூப்பிட்டாய் என்று சிறுமியிடம் கேட்டார்கள். வாப்பாவை என்றாள். எந்த வாப்பாவை? கட்டுப்போடாத கையால் கூண்டைக் காட்டினாள்.

மச்சான் நாளைக்கு மறியலால் வந்தால் என்ன செய்வீர் என்றார் நீதவான். மனிதர் மனைவியைப் பார்த்தார். மனைவி நிலத்தைப் பார்த்தார்.

"வாசல்ல வெச்சே மறிப்பன் ஐயா. ஊடு அவட. புள்ள என்ட."

குற்றவாளிதான் என்று தீர்த்து, கடுமையாக எச்சரித்து, நன்னடத்தைப் பிணையில் விட்டார் நீதவான். சிறுமி வாப்பாவோடு வீட்டுக்குப் போனாள்.

நானும் பெண்வீட்டில் குடியிருப்பவன்தான். பஸ்ஸில் திரும்பி வரும்போது இதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

வீடு மனைவியுடையதாக இருக்கட்டும் – காது நம்முடையதுதானே?