தெருவையே பரிசோதனைக்கு அழைத்த பெரியம்மா

வெள்ளிக் குங்குமச்சிமிழும் பட்டுப்புடவையுமாக, உச்சி வெயிலில் பெரியம்மா வீடு வீடாக ஏறி இறங்கியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அழைப்பு கல்யாணத்துக்கு அல்ல; கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு!

திருவெறும்பூரில் தொழிற்சாலை ஊழியர்கள் வீடு கட்டிக் குடியேறிய தெரு அது. அப்பா இறந்தபிறகு அம்மாவும் நானும் பெரியம்மா வீட்டு மாடியில் இருந்தோம். சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போயும் ஒருவரும் அசையவில்லை. நோயில்லாமல் எதற்குப் போவது என்பது ஒன்று. போனால் நோயிருப்பதாகப் பேசுவார்கள் என்பது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேல் கூச்சம். பெரியம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். குங்குமம் எடுத்துக்கொண்ட பிறகு வராமலிருப்பது எங்கள் தெருவில் பெரிய அவமரியாதை. "வியாழக்கிழமை காலைல வந்துடுங்க, சேந்தே போவோம்" என்று சிமிழை நீட்டினார். எடுத்துக்கொண்ட பிறகுதான் எதற்கென்று கேட்டார்கள்.

வியாழக்கிழமை தெருவே பூ வைத்துக்கொண்டு சுகாதார நிலையத்தில் போய் இறங்கியது.

"என்னம்மா, கல்யாணக் கூட்டம் மாதிரி வரீங்க?" என்று நர்ஸ் சிரித்தார்.

"ஆமாங்க, மாப்பிள்ளைதான் குறை" என்றார் பெரியம்மா.

"சரி, உங்க தங்கச்சி எங்க?"

பெரியம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. கணவனை இழந்தவர்களிடம் சிமிழை நீட்டும் வழக்கமில்லை. தெரு முழுக்க அழைத்தவர், பழக்கத்தில் தன் வீட்டு மாடிக்கு மட்டும் ஏறவில்லை.

வீட்டுக்குத் திரும்பி, மூச்சிரைக்க மாடியேறி வந்தார். அம்மா மாவரைத்துக்கொண்டிருந்தார்.

"கெளம்புடி."

"என்னை யாரும் கூப்பிடலையேக்கா."

"தப்புதான். இப்ப கூப்பிடுறேன், வா."

"அவரே போயிட்டாரு. எனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"அவரு போனாரு, உன் கர்ப்பப்பையையும் எடுத்துட்டா போனாரு?"

அம்மா சிரித்துவிட்டார். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

அன்று அம்மாவுக்குத்தான் கர்ப்பப்பை வாயில் ஒரு சிறு வெள்ளைத் திட்டு தெரிந்தது. திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை, கவனிக்காமல் விட்டால் புற்றாகக்கூடிய மாற்றம். அடுத்த முறை போனபோது அந்த இடத்தை மட்டும் நீக்கினார்கள். அன்று மாலையே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இப்போது நான் ஆய்வகத்தில் செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். இந்த நோய் நமக்குத் தரும் அவகாசத்தை நினைத்தால் ஒவ்வொரு நாளும் வியப்பாக இருக்கிறது. செல் மாறத் தொடங்கிப் புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் ஒருமுறை பார்த்துவிட்டால் பெரிய அறுவை இல்லை, கதிர்வீச்சு இல்லை, தாயில்லாத வீடு இல்லை. அப்படிக் கிடைத்த ஆண்டுகளில் அம்மா தையல் கற்றார், என்னைப் படிக்கவைத்தார், ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தார், மறுபடியும் ஓட்டினார். சொன்ன தவணைகளில் மறுபரிசோதனைக்கும் போய்வந்தார். எனக்கு முப்பது வயதானதும் அதே ஸ்கூட்டரில் என்னையும் அழைத்துப்போனார். அந்தத் தெருப் பெண்கள் இப்போது யாரும் அழைக்காமலே போய்வருகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில், என் மாமியார் வீட்டில், எனக்கு வளைகாப்பு. அம்மா வழக்கம்போல அடுப்படிக்குள் ஒதுங்கப் பார்த்தார். பெரியம்மா கையைப் பிடித்து இழுத்துவந்து, "மொத வளையல் இவதான் போடுவா. யாருக்காச்சும் ஆட்சேபணை இருந்தா எங்கிட்ட சொல்லுங்க" என்றார். மாமியாரே வளையல் தட்டை அம்மாவிடம் நகர்த்தினார்.

நான் கையை விறைப்பாக நீட்டினேன்.

"கைய தளத்துடி, ஒடைஞ்சிடப் போவுது" என்று அதட்டிக்கொண்டே அம்மா முதல் வளையலை ஏற்றினார்.