மூடிய லேப்டாப்பும் ஏழு மணி ஜெபமும்

போன வருஷம் மழைக்காலம். கல்யாணமான புதிது. மாடம்பாக்கத்தில் மாமனார் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள், பிடிக்கவில்லையென்றால் அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். ரிட்டயர்டு வாத்தியாரான என் மாமனார் முதலில் டிவியை அணைப்பார், அப்புறம் என் லேப்டாப்பை மெதுவாக மூடுவார். மூடினால் அது தூங்கிவிடும். ஓடுகிற வேலையும் நின்றுவிடும். அப்படி ஒரு ரிப்போர்ட் பாதியில் நின்று, மேனேஜரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா உங்களை கன்ஃபர்ம் பண்றது கஷ்டம்" என்றார். மாமாவிடம் மூடாதீர்கள் என்று சொல்ல மனசு வரவில்லை. அன்று சாப்பாட்டு நேரம் முழுக்க வீட்டாரிடம் மேனேஜரைத்தான் திட்டித் தீர்த்தேன். அன்றைக்கே, மூடினாலும் தூங்காதபடி செட்டிங்கை மாற்றிவைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் டீம் மீட்டிங் இழுத்துக்கொண்டே போனது. மேனேஜர் ஏதோ ஃபைலைத் தேடியபடி, "ரெண்டு நிமிஷம், யாரும் கட் பண்ணாதீங்க" என்றார். நான் மைக்கைக்கூட அணைக்காமல் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் மாமா லேப்டாப்பை மூடி, பைபிளைத் திறந்துவிட்டார். சரி, மீட்டிங் கட்டாகியிருக்கும், நெட் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என நானும் உட்கார்ந்துவிட்டேன். செட்டிங்கை மாற்றியது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

மாமா கண்ணை மூடி ஜெபித்தார். "ஆண்டவரே, எங்க மருமகளோட மேனேஜர் தம்பி எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழுறாராம். அவருக்கு வீட்டுல என்ன பாரமோ, நீர் அறிவீர். நல்ல தூக்கத்தைக் கொடும். வேளாவேளைக்கு சாப்பிட வையும்."

ஆமென் சொல்லி முடித்தோம். மூடியிருந்த லேப்டாப்பிலிருந்து இன்னொரு ஆமென் வந்தது.

அத்தை திடுக்கிட்டு, "யாருடி அது?" என்றார். செட்டிங்கை மாற்றியது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வேலை போச்சு என்றே நினைத்துத் திறந்தேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சாரி சார்" என்று உளறினேன். "பரவால்லமா, ஜெபம் பண்ணின சாரைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்றார். மாமா திரைக்கு முன்னால் வந்து குனிந்ததும், "எங்கம்மா பத்து நாளா ஐசியூல இருக்காங்க சார். எனக்கு இந்த ஜெபமெல்லாம் பழக்கம் இல்ல. அவங்களையும் சேத்துக்கோங்க" என்றார்.

மாமா அவர் அம்மாவின் பெயரைக் கேட்டுக்கொண்டு, நின்றபடியே இன்னொரு முறை ஜெபித்தார்.

அந்த அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். என் வேலையும் நிரந்தரமானது. ஆனால் ஐந்து மாதம் தினமும் பேசிய ஒரு மனிதரிடம் "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா சார்?" என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை, அவர் முகத்தையே பார்த்திராத என் மாமாவுக்கு அது தோன்றியிருக்கிறது என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, இந்த வீட்டுக்கு வாழ வந்ததில் பெருமையாகவும் இருக்கிறது.