தோட்டாக் கடைக்கு ஒரு கார்ட் மெசின்

முன்பின் தெரியாத ஒருத்தி குவைத்திலிருந்து போன் எடுத்து உங்களை ஏசியிருக்கிறாளா?

எனக்கு நடந்தது. போன மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. அடுப்பில் சொதி கொதித்துக்கொண்டிருந்த நேரம்.

"கிரிக்கெட் மட்டை விக்கிறது நீங்களா?"

"இல்லையே..."

"பொய் சொல்லாதீங்க! உங்கட நம்பர்தானே பில்லில கிடக்காம்? நான் இஞ்ச கண்டவன்ட வீட்டைக் கூட்டிக் கழுவி அனுப்புற காசு. அந்தாள் அங்க பந்தும் மட்டையும் வாங்கி விளையாடுறாரோ? அம்பது தாண்டின வயசில? வெள்ளாமையைப் பன்றி தின்னுது, இவருக்கு ஸ்போர்ட்ஸ் கேக்குது!"

நான் வாய் திறக்க முதல் போனை வைத்துவிட்டாள். சொதி பொங்கி வழிந்தது.

நான் மட்டை விற்கவில்லை. பந்தும் விற்கவில்லை. கிழமைக்கு ஒருமுறை இந்தப் பத்தியைத் தவிர நான் எதையும் விற்பதில்லை... அதற்கும் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை, அது வேறு கதை. வியாபாரம் செய்கிறவர் என் அண்ணன். அவர் விற்பது தோட்டா.

ஓம், துவக்குக்குப் போடுகிற தோட்டாதான். பயந்து பேப்பரை மடித்து வைத்துவிடாதீர்கள். தன்னாமுனையில் மெயின் ரோட்டோடு, வாவி பார்த்த பக்கம் கடை. பெர்மிட் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. வாங்குகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் வாவிக்கு அந்தப் பக்கத்துப் படுவான்கரை விவசாயிகள், பயிர் காக்கவென்று லைசென்ஸ் எடுத்துத் துவக்கு வைத்திருப்பவர்கள். யானையை விரட்ட அரசாங்கம் வெடி கொடுக்கும். பன்றிக்கு யார் கொடுப்பது? அண்ணன்தான் கொடுப்பார். லைசென்ஸ் புத்தகத்தைக் காட்டி, காசையும் வைத்தால்.

அந்தக் காசில்தான் சோலி தொடங்கியது.

கரடியனாற்றில் வடிவேல் என்றொரு விவசாயி. என்னை ஏசினாளே கமலா, அவளுடைய புருசன். அவள் குவைத்தில் வீட்டு வேலை. அவள் அனுப்பிய காசெல்லாம் இந்த முறை வெள்ளாமைக்குள்ளேதான் போனது. விதை, பசளை, உழவு என்று போய்க் கணக்கில் கொஞ்சம்தான் மிச்சம். கதிர் தள்ளுகிற நேரம் பார்த்துப் பன்றி இறங்கிவிட்டது. வடிவேல் கடைக்கு ஓடி வந்திருக்கிறார். வருகிற வழியில் இருந்த காசு மெசின் வேலை செய்யவில்லை. கையில் கார்ட் மட்டும்தான்.

"அண்ணன், காசு நாளைக்குத் தாறன். ரெண்டு தோட்டா தாங்க."

"கடனுக்குத் தோட்டா குடுக்கிற பழக்கம் எனக்கில்ல, தம்பி."

மனுசன் டவுனுக்குப் போய், வரிசையில் நின்று, காசை எடுத்துக்கொண்டு திரும்பி வர, கடை பூட்டியாயிற்று. அன்று இரவு பன்றிக் கூட்டம் வயல் வட்டைக்குள் புகுந்து அவருடைய வெள்ளாமையில் ஒரு மூலையை உழக்கித் தள்ளிவிட்டது.

அண்ணனுக்கு அது மனதைக் குடைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், நாவற்குடாவில் இருக்கிற என் வீட்டுக்குத் தைப்பொங்கலுக்குக்கூட வராத மனுசன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வருவாரா?

"புள்ள, உனக்குத்தான் இங்கிலீசு தெரியும். பாங்க்ல கதைச்சு எனக்கொரு கார்ட் மெசின் எடுத்துத் தா."

இதென்ன பெரிய வேலை? பேக்கரியில் இருக்கிறது, சலூனில் இருக்கிறது. தோட்டாக் கடைக்கு மட்டும் தரமாட்டார்களா? சரி என்றேன். வேலியால் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டேன் என்று அப்போது தெரியவில்லை. பாங்க் படிவத்தில் தொடர்புக்கு என் நம்பரையே போட்டேன், அண்ணன் போனை எடுக்கவே மாட்டார் என்பதால். பில்லில் அதுதான் அச்சாகும் என்று யார் கண்டது?

பாங்கில் ஒரு பிள்ளை சிரித்த முகத்தோடு விவரம் தட்டத் தொடங்கியது.

"என்ன பிசினஸ், மேடம்?"

"தோட்டா விற்பனை."

தட்டிய விரல் நின்றது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அப்பிடி ஒண்டு எங்கட லிஸ்ட்ல இல்லையே, மேடம். ஹார்ட்வெயார் எண்டு போடுவமா?"

நான் தலையாட்டினேன். அண்ணன் ஆட்டவில்லை.

"நான் ஆணி விக்கல்ல, மகள்."

"விவசாய உபகரணம்?"

"மண்வெட்டியும் விக்கல்ல."

மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். "அண்ணன், பேரில என்ன கிடக்கு? மெசின் கிடைச்சாச் சரிதானே?"

"நீ எந்த ஊர்ல வளந்த, புள்ள? செக்பொயின்ட்டில மறிச்சுப் பார்க்கக்குள்ள பெட்டிக்குள்ள ஒண்டு, பேப்பரில வேறொண்டு எண்டா என்ன நடக்குமெண்டு உனக்குத் தெரியாதா? பெர்மிட்டில என்ன கிடக்கோ அதுதான் இதிலயும் கிடக்கோணும்."

தெரியும்தான். எங்கள் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? ஆனாலும் எரிச்சல் எரிச்சலாக வந்தது. வெளியே என் ஸ்கூட்டி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

பிறகு கொழும்பு, பாங்கின் தலைமை அலுவலகம். எதற்கெடுத்தாலும் கொழும்பு. கடையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள், சாமான்கள் தெரிகிற மாதிரி. தோட்டாவை என்ன, தக்காளிப்பழம் மாதிரிக் கடைக்கு முன்னால் குவித்தா வைப்பது? அது இருப்பது இரும்பு அலுமாரிக்குள், பூட்டுப் போட்டு. பூட்டிய அலுமாரியையும் அதற்குப் பக்கத்தில் அடையாள அட்டைக்கு நிற்பது போல் விறைத்து நின்ற அண்ணனையும் படம் எடுத்து அனுப்பினேன். "சாமான் தெரியவில்லை" என்று பதில் வந்தது.

அடுத்தது போனில் ஒரு கோல். மிக மரியாதையான குரல்.

"உங்களிடம் டெலிவரி வசதி உண்டா?"

"இல்லை."

"வாடிக்கையாளர் பாவித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பீர்களா?"

"வெடிச்ச தோட்டாவை எப்பிடி ஐயா திருப்பி எடுக்கிறது?"

அந்தப் பக்கத்தில் பேப்பர் புரட்டுகிற சத்தம். எழுதிக்கொண்டாரோ என்னவோ.

கடைசியில் முடிவு வந்தது. பாங்க் மனேஜரே கூப்பிட்டு, இருக்கக் கதிரை தந்து, தேத்தண்ணீரும் தந்து சொன்னார், இது ஆபத்துக் கூடின வியாபாரமாம், மெசின் தர முடியாதாம். மனேஜர் நல்ல மனுசன்தான். ஆனால் அத்தனை நாள் அலைந்த அலைச்சல் ஒரு தேத்தண்ணீரில் ஆறுமா? எழும்பி வெளியே வந்தோம்.

வாசலில் செக்கியூரிட்டிக்காரர் துவக்கை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிவிட்டு அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். "என்னண்ணன், சுகமா இரிக்கிங்களா?"

"இவரை எப்பிடித் தெரியும்?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"இவங்கட கொம்பனிக்குத் தோட்டா குடுக்கிறது நான்தானே, புள்ள."

இதை இந்த மனுசன் முதலே சொல்லியிருக்கக் கூடாதா! வந்த வழியே கிறுகி, தட்டாமல் மனேஜரின் அறைக்குள் போனேன்.

"சேர், உங்கட பாங்க்கைக் காக்கிற துவக்குக்குள்ள கிடக்கிறதே எங்கட கடைத் தோட்டாதான். அது வாசலில நிண்டா பாதுகாப்பு, எங்கட கடையில இருந்தா ஆபத்தா?"

மனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு போனை எடுத்துக் கொழும்போடு கதைத்தார். கொஞ்ச நாளில் மெசின் வந்து சேர்ந்தது.

அண்ணன் முதல் வேலையாக வடிவேலைக் கூப்பிட்டார். வடிவேல் புத்தகத்தைக் காட்டினார், கார்டைச் செருகினார், நம்பரை அமத்தினார். மெசின் பில்லைத் துப்பியது. எல்லாருக்கும் வாயெல்லாம் பல். நான் வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சொதி வைத்தேன்.

அப்போதுதான் அந்தக் குவைத் கோல்.

விசயம் இதுதான். புருசன் பெண்சாதி இரண்டு பேருக்கும் கூட்டுக் கணக்கு. ஆளுக்கொரு கார்ட். ஆனால் கணக்கில் காசு கழிந்தால் மெசேஜ் போவது கமலாவின் போனுக்கு. அந்த மெசேஜில் கடையின் பெயரோடு 'ஸ்போர்ட்ஸ்' என்று விழுந்திருக்கிறது. யார் போட்டது? கொழும்புதான். பாங்க் பிள்ளையிடம் கேட்டால், தோட்டா விளையாட்டுச் சாமான் பிரிவில்தான் வருமாம். வெளிநாட்டிலும் அப்படித்தானாம். விளையாட்டா? கரடியனாற்றில் போய் விடிய விடியக் கண் முழித்துப் பன்றி விரட்டிப் பார்க்கட்டும், அது விளையாட்டா என்று.

கமலாவுக்குத் திருப்பிப் போன் எடுத்து எல்லாவற்றையும் விளக்கினேன். நம்பினாளா? இல்லை.

"தோட்டா எண்டா தோட்டா எண்டு போடோணும். அதென்ன கள்ளப் பேரு? நான் கார்டை நிப்பாட்டிப் போட்டன். சரியான பேர் வரட்டும், மறுகா திறக்கிறன்."

"கமலா, வெள்ளாமை வெட்டுற மெசினுக்குக் காசு எடுக்கிறதும் அந்தக் கார்ட்டாலதானே? பன்றியும் வருது..."

"வரட்டும்!"

அண்ணனிடம் ஓடினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "அந்தக் குவைத்துப் பிள்ளை சொல்றதுதான் சரி" என்றார். எனக்கு வந்த விசருக்கு அந்த மெசினைத் தூக்கி வாவிக்குள் எறிந்திருப்பேன். ஒரு பிடிவாதம் தன்னாமுனையில், ஒரு பிடிவாதம் குவைத்தில், நடுவில் ஸ்கூட்டியோடு நான். அங்கே வடிவேலோ இருக்கிற ஒன்றிரண்டு தோட்டாவைப் பார்த்துப் பார்த்துச் செலவழித்துக்கொண்டு வெள்ளாமைக்குக் காவல்.

மறுபடி பாங்க். மறுபடி மனேஜர். மறுபடி கண்ணாடி துடைப்பு. எப்படியோ சரியான இங்கிலீசுப் பெயரைப் போடவைத்தேன். கமலா கார்டைத் திறந்துவிட்டாள்.

இரண்டு கிழமைக்கு முந்தி வடிவேல் திரும்பவும் தோட்டாவுக்கு வந்தார். நானும் கடையில்தான் இருந்தேன். கார்டைச் செருகினார், பில் வந்தது. கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. குவைத். இன்றைக்கு என்ன குறை கண்டாளோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அண்ணனும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தேன்.

ஏச்சு வரவில்லை. 

"அக்கா... அவருக்கு ஒண்டுமில்லையே?"

"ஒண்டுமில்ல கமலா. பன்றிக்குத்தான். நீங்கதானே சரியான பேர் போடச் சொன்னது?"

"ஓம் அக்கா, நான்தான் சொன்னன். ஆனா போனில அந்தச் சொல்லைக் கண்ட உடன, குசினிக்குள்ளேயே குந்திட்டன். சின்ன வயசில எங்கட வீட்டைச் சோதிக்க வந்தவங்க என்ட அண்ணனிட்டக் கேட்டது அந்தச் சொல்லைத்தான். அமியூனிசன், அமியூனிசன் எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. எனக்கு முதல்ல தெரிஞ்ச இங்கிலீசுச் சொல்லே அதுதானக்கா."

அந்த அண்ணனுக்குப் பிறகு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதோடு சேர்ந்து ஒரு கோபமும் வந்தது, அதை யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அண்ணன் போனை எடுத்தார். போனையே எடுக்காத என் அண்ணன்!

"தங்கச்சி, கடைக்காரன் கதைக்கிறன். ஒண்டுக்கும் பயப்பிடாதீங்க. ஆள் இந்தா எனக்கு முன்னால நல்லா நிக்கிறார். கதைங்க."

வடிவேல் போனை வாங்கிக்கொண்டு வாவிப் பக்கமாக இறங்கிப் போனார். திரும்பி வர நெடுநேரம் ஆனது. என் போனில் சார்ஜ் முடிந்திருந்தது.

வெள்ளாமை வெட்டியாயிற்று. பன்றி உழக்கிய மூலை போனது போனதுதான், மற்றதெல்லாம் வீடு வந்துவிட்டது. கமலா எனக்குப் போன் எடுத்து, ஏசினதை மனதில் வைத்திருக்க வேண்டாம் என்றாள். ஒரு மூட்டை அரிசி அனுப்பச் சொல்லியிருக்கிறாளாம். வரட்டும், நான் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அண்ணன் இப்போது கடையில் புதுச் சட்டம் போட்டிருக்கிறார். யாராவது கார்டை நீட்டினால் முதல் கேள்வி, "மெசேஜ் ஆருட போனுக்குப் போகும், தம்பி?" பெண்சாதிக்கு, தாய்க்கு, டோஹாவில் இருக்கிற மகளுக்கு என்று சொன்னால், அந்த ஆளுக்கு அங்கேயே போன் எடுக்க வேண்டும். "இப்ப ஒரு மெசேஜ் வரும், பன்றிக்குத்தான் வாங்குறன், பயப்பிடாத" என்று சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து "ஓம்" என்று அண்ணனின் காதுக்குக் கேட்ட பிறகுதான் மெசினில் கை வைப்பார்.

நேற்றுக் காலை போனேன். ஒருவர் கார்டும் கையுமாக வாங்குப் பலகையில் குந்தியிருக்கிறார், குவைத்தில் இருக்கிற மனைவி போனை எடுக்கவில்லையாம். பின்னால் இன்னும் மூன்று பேர்.

"அண்ணன்! இந்த மெசினை எடுத்ததே ஆக்கள் காத்துக் கிடக்காம இருக்கத்தானே?"

"இரி புள்ள, அங்க இன்னும் விடியல்லயாம். எழும்பட்டும்."

ஆகவே வாசகர்களே, தோட்டா வாங்கத் தன்னாமுனைப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: காசு கொண்டு வந்தால் உடனே போகலாம், கார்ட் என்றால் முதலில் குவைத்தில் விடிய வேண்டும்.